காகாச்சி வழியில் கிடைத்த முள்காய்: வெடிபலா கீழே ஊரில் வளருமா?

கடையம்_குமரன் | ஜூலை 12, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு அம்பையிலிருந்து குதிரைவெட்டி பஸ்ஸில் மேலே மாஞ்சோலை மலைக்குப் போனேன். மணிமுத்தாறு தாண்டி ஏறும்போதே சாரல் பிடித்துவிட்டது. காகாச்சிக்கு அப்புறம் ரோட்டில் ஒரு கிளை முறிந்து கிடந்ததால் பஸ்ஸை நிறுத்தினார்கள். இறங்கி நின்றபோது காலடியில் ஒரு காய் கிடந்தது. சாத்துக்குடியை விடக் கொஞ்சம் பெரிசு, சுற்றிலும் முள். கையில் எடுக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பிளந்து உள்ளே பளபளவென்று பழுப்பு விதைகள். எண்ணெய் தடவித் துடைத்து வைத்தது மாதிரி ஒரு மினுமினுப்பு.

கண்டக்டர் அண்ணாச்சி "அது காட்டுப்பலா தம்பி" என்றார். நிமிர்ந்து பார்த்தால் மரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, மேலே முழுக்க மஞ்சு. அடிமரம் மட்டும் சாம்பல் வெள்ளையாக, தூண் மாதிரி நின்றது.

நான்கு விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் குளத்தங்கரையில் நண்பர்கள் சேர்ந்து மரம் நடுகிறோம். அங்கே இதை வைக்கலாம் என்று ஆசை. இரண்டு கேள்வி: இது ஆயினிப் பலாவா, வேறா? கடையத்தில் வளருமா?

---

பொதிகைச்சாரல் | ஜூலை 12, இரவு 10.25

தம்பி, இது ஆயினி இல்லை. வெடிபலா. மலையாளத்தில் வெடிப்பிலாவு என்பார்கள். தாவரவியல் பெயர் குல்லேனியா எக்சாரில்லாட்டா. காட்டுப்பலா என்ற பெயரை ஊருக்கு ஊர் வேறு வேறு மரத்துக்கு வைத்துவிட்டதால்தான் இந்தக் குழப்பம். பழைய மரப்பட்டியல்களில்கூட ஆயினியின் பெயரை இதற்கும் போட்டிருப்பார்கள்.

ஆயினி நம் பலாவின் சொந்தக்காரன். கீறினால் பால் வடியும், பழுத்தால் மஞ்சளாகும், சுளை தின்னலாம். வெடிபலாவுக்கும் பலாவுக்கும் உறவே கிடையாது. முள்காயைப் பார்த்து நம் ஆட்கள் பலா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதன் உண்மையான உறவு துரியன். மலேசியாவிலும் தாய்லாந்திலும் தேடித் தேடிச் சாப்பிடுகிறார்களே, அதே துரியன். இலவம், செம்பருத்தி, பருத்தி எல்லாம் கொஞ்சம் தள்ளிய பங்காளிகள்.

துரியனில் நாம் தின்பது விதையைச் சுற்றியிருக்கும் சதை. இந்த மரத்தில் அந்தச் சதை இல்லை. எக்சாரில்லாட்டா என்றால் அந்தச் சதையுறை இல்லாதது என்றுதான் பொருள். குல்லேனியா என்பது திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் கல்லன் என்ற வெள்ளைக்காரரின் பெயர். தாவரவியலாளர் ராபர்ட் வைட் வைத்தது. நம் ஆட்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்கும். காய் முற்றினால் வெடித்துப் பிளக்கும், ஆகவே வெடிபலா. பெயரைக் கேட்டாலே காய் கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்த முறை மரத்தடியில் நின்றால் மேலேயே பார்க்க வேண்டாம், கீழே கிடக்கும் இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளியும் செம்பும் கலந்த நிறம். மிக நுண்ணிய செதில்கள் ஒட்டியிருக்கும். காற்றடிக்கும்போது எதிர்மலையிலிருந்து பார்த்தால் காட்டில் எது வெடிபலா என்று இந்த நிறத்தை வைத்தே எண்ணிவிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அது ஒரே வரியில் சொல்ல முடியாத விஷயம்.

---

அட்டைக்கடி | ஜூலை 13, காலை 6.50

குமரன், கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் போனது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988ல் அறிவித்த தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு விதையைக்கூட அனுமதியில்லாமல் எடுத்து வரக்கூடாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். நான்கு விதைதானே என்று தோன்றும். வாரம் எத்தனை பஸ், எத்தனை ஜீப் போகிறது? ஆளுக்கு நான்கு என்றால் ரோட்டோர மரங்களின் அடியில் என்ன மிஞ்சும்? எலிக்கும் முள்ளம்பன்றிக்கும் போக மீதி முளைக்க வேண்டியது அது.

---

கடையம்_குமரன் | ஜூலை 13, காலை 8.05

தப்புதான் அண்ணே. எனக்கு இது உறைக்கவே இல்லை. திரும்பக் கொண்டுபோய் சோதனைச் சாவடியில் கொடுத்துவிடுகிறேன்.

---

நாலுமுக்கு_மகன் | ஜூலை 13, மதியம் 1.30

இந்த இழையைப் பார்த்ததும் வேலையே ஓடவில்லை. நான் பிறந்தது நாலுமுக்கில். அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட் தொழிலாளிகள். இப்போது குடும்பம் முழுக்கக் கீழே வந்துவிட்டோம்.

வெடிபலா எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், ஓடை தாண்டி நின்றது. மாசி மாதத்தில் அதன் அடியில் போனால் தரை தெரியாது. விரல் நீளத்துக்குக் குழல் குழலாக, மஞ்சளும் பழுப்புமாகப் பூ கொட்டிக் கிடக்கும். மிதித்தால் வழுக்கும், அவ்வளவு சதைப்பற்று. பூ கிளை நுனியில் இருக்காது. வெறுங்கிளையில் கணு கணுவாக முடிச்சு இருக்கும், அதிலிருந்து கொத்துக் கொத்தாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் கிளைக்குக் கம்பளி சுற்றியது போல இருக்கும்.

காலையில் தேயிலை பறிக்கக் கிளம்பும்போது அம்மா அந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்பாள். டப் டப்பென்று பூ விழுகிற சத்தம் கேட்டால், "மந்தி வந்திருக்கு, அந்த வழியா போகாத" என்பாள். சிங்கவால் குரங்குக் கூட்டம் அது. ஒரு பூவைப் பறித்து, கடித்து, பாதியைக் கீழே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கருமந்தியும் வரும், ஆனால் இரண்டும் ஒரே கிளையில் உட்காராது. மலையணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்னும்.

ராத்திரியும் சத்தம் ஓயாது. பழந்தின்னி வௌவால் இறக்கையடிக்கும். ஒருமுறை அப்பா டார்ச் அடித்தபோது இரண்டு கண் மின்னியது. மரநாய் என்றார்.

ஆடி மாதத்தில் காய். நாங்கள் விதையைப் பொறுக்கி விளையாடுவோம். கையில் வைத்துத் தேய்த்தால் சூடாகும்.

---

பொதிகைச்சாரல் | ஜூலை 13, இரவு 9.45

நாலுமுக்குத் தம்பி சொன்னதை அப்படியே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள். அதுவும் காகாச்சியிலேயே. கணேஷும் பிரியா தாவிதாரும் 1990களில் இந்த மரத்தின் பூவை யார் யார் தின்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். 1997ல் கட்டுரை வெளிவந்தது. பிறகு கணேஷும் சௌபத்ரா தேவியும், தின்ன வருகிற இந்த விலங்குகளே மகரந்தத்தையும் கொண்டுபோகின்றனவா என்று பார்த்தார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், மாசி பங்குனி இந்தக் காட்டின் பஞ்ச காலம். வடகிழக்கு மழை ஓய்ந்து தென்மேற்கு இன்னும் வராத இடைவெளி. மற்ற மரங்களில் பழம் அருகியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு மரம் ஆயிரக்கணக்கில் சதைப்பற்றான பூவை, அடியில் தேனோடு, வெறுங்கிளையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. இதழ் என்று தனியாகக் கிடையாது. பூவின் வெளியுறையான புல்லிதான் குழலாகத் தடித்து இருக்கிறது, அதைத்தான் தின்கின்றன. பழத்தில் சதை வைக்காத மரம் பூவில் வைத்துவிட்டது. எத்தனை முறை யோசித்தாலும் இது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆடி ஆவணியில் காய் வந்ததும் குரங்குகள் மறுபடி வரும். முற்றாத காயின் முள்ளோட்டைப் பல்லாலும் கையாலும் பிய்த்து, உள்ளே இருக்கும் இளம் விதையை எடுக்கும். ஒரே மரம் ஆண்டில் இரண்டு முறை பந்தி போடுகிறது.

சரி, கடையத்தில் வளருமா? இந்த மரத்துக்கு ஒரு வீடு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி, ஏறக்குறைய 700 மீட்டரிலிருந்து 1400 மீட்டர் வரை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பாஸ்கல் 1980களில் மலைக்காடுகளை வகைப்படுத்தியபோது இந்த உயரத்துக் காட்டுக்கு மூன்று மரங்களின் பெயரைச் சேர்த்து வைத்தார்: வெடிபலா, நாங்கு, காட்டு இலுப்பை. இந்த மூன்றும் தோளோடு தோள் சேர்ந்து மேல்கூரை போடும். கீழே இரண்டு மூன்று அடுக்கு. அதற்கும் கீழே ஈரச் சருகு.

காகாச்சியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழையில்லாத நாளிலும் மஞ்சு வந்து இலையை நனைத்துவிட்டுப் போகும். நம் சமவெளியில் ஆயிரத்தைத் தொட்டாலே நல்ல வருஷம் என்கிறோம். சித்திரை வெயிலில் உங்கள் குளத்தங்கரை மண் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாற்று அதைத் தாங்காது.

---

ஹட்டன்_வாசகி | ஜூலை 14, காலை 7.20

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் இதன் சகோதர இனங்கள் இருக்கின்றன, சிங்களத்தில் கட்டுபொட என்பார்கள். சிங்கராஜ வனத்தில் ஒருமுறை வழிகாட்டி காட்டினார். அதே முள்காய், அதே வெள்ளி பூசின இலை. ஆனால் அங்கே உயரம் குறைந்த ஈரவலயக் காட்டிலும் நிற்கிறது. உங்களுடையதும் எங்களுடையதும் ஒரே மரமா?

---

பொதிகைச்சாரல் | ஜூலை 14, காலை 9.00

நல்ல கேள்வி அம்மா. முன்பு எல்லாவற்றையும் கலந்து எழுதினார்கள். 1970ல் ராபின்ஸ் என்பவர் இந்திய மரத்தைத் தனி இனமாகப் பிரித்தார். உங்கள் இலங்கை இனங்கள் வேறு, அவை அந்தத் தீவுக்கே உரியவை. எங்களுடையது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. குடும்பம் ஒன்று, வீடு வேறு. உயரம் எத்தனை என்பதை விட வருஷம் முழுக்க ஈரம் இருக்கிறதா என்பதுதான் இரண்டுக்கும் பெரிசு.

---

சிறுவாணி | ஜூலை 14, மாலை 6.15

எனக்குத் தெரிந்த ஒரு கணக்கு: வெடிபலா இல்லையென்றால் சிங்கவால் குரங்கு இல்லை. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழா அணைத் திட்டத்தை எதிர்த்தபோது அந்தக் குரங்குதான் போராட்டத்தின் முகம். அந்தக் காட்டிலும் வெடிபலா நிறைய. 1984ல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1970களில் களக்காடு மலையில் இந்தக் குரங்கை ஆராய்ந்த கிரீனும் மின்கவுஸ்கியும் இந்த மரத்தைத்தான் அதன் முக்கிய உணவு என்று எழுதினார்கள். களக்காடு சரணாலயம் 1976ல் வந்ததே இந்தக் குரங்குக்காகத்தான். ஆகவே மரத்தைக் காப்பாற்றினால் குரங்கு தானாகப் பிழைக்கும்.

---

கும்டா_பயணி | ஜூலை 14, இரவு 8.40

சிறுவாணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மீதியை இல்லை. நான் வேலை நிமித்தமாக வடகர்நாடகக் கரையோரம் ஆறு வருஷம் இருந்தேன். சிர்சி, ஹொன்னாவர மலைச்சரிவுக் காடுகளில் சிங்கவால் குரங்குகள் நன்றாகவே வாழ்கின்றன. அகநாசினி பெயரில் அவற்றுக்கென்று காப்பகமே இருக்கிறது. அங்கே வெடிபலா கிடையாது, மரத்தின் எல்லை தெற்கிலேயே முடிந்துவிடுகிறது. அத்தியும் கூந்தல்பனையும் கொடுக்காய்ப்புளி வகைக் காட்டு மரங்களும்தான் அங்கே சோறு.

ஆக, இந்த மரம் இல்லாமல் குரங்கு வாழவே முடியாது என்பது சரியில்லை. வெடிபலா இருக்கிற காட்டில் அதன் மேல் சாய்ந்து வாழப் பழகிவிட்டது என்று சொல்லலாம். அங்கே போய் அதை வெட்டினால் பட்டினிதான்.

---

சிறுவாணி | ஜூலை 14, இரவு 9.30

சரி, ஏற்றுக்கொள்கிறேன். வடக்கே இப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நம் தெற்குக் காட்டைப் பொறுத்தவரை என் கவலை கவலைதான். இந்த வகைக் குரங்கு உலகத்திலேயே நாலாயிரத்துக்கும் குறைவு என்கிறார்கள்.

---

கும்டா_பயணி | ஜூலை 14, இரவு 9.55

கவலை எனக்கும் அதேதான். இன்னொரு விஷயம், மேலே கொடுக்காய்ப்புளி என்று எழுதிவிட்டேன், அது தவறு. நான் சொல்ல வந்தது குடம்புளி வகை. முருகல் என்றும் சொல்வார்கள், புளிப்பான பழம். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

---

வால்பாறை_நாற்று | ஜூலை 15, மதியம் 2.10

நான் வால்பாறையில் மழைக்காட்டு மரங்களுக்கான நாற்றங்காலில் பல வருஷமாக வேலை செய்கிறேன். என் கையில் வளர்ந்ததை வைத்துச் சொல்கிறேன்.

வெடிபலா விதை காத்திருக்காது. நெல்லையோ புளியங்கொட்டையையோ போல டப்பாவில் போட்டு அடுத்த வருஷம் விதைக்க முடியாது. உள்ளே ஈரம் இருக்கிற வரைதான் உயிர். காய்ந்தால் செத்துவிடும். காட்டுக்கு வெளியே, எஸ்டேட் ரோட்டோரம் விழுந்ததை அனுமதியோடு பொறுக்கி வருகிறோம். வந்த அன்றோ மறுநாளோ மணல் பாத்தியில் வைத்து மேலே சருகு போட்டுவிடுவோம். எலித் தொல்லை பெரிது, அதனால் பாத்தி மேல் கம்பிவலை. சில வாரத்தில் முளை வரும். அப்புறம் பைக்கு மாற்றி நிழல்வலைக்கு அடியில் வைப்போம்.

முதல் இலை விரியும்போது பார்க்க வேண்டும். விரல் அகலம்தான் இருக்கும், அதற்குள்ளேயே அடிப்பக்கம் வெள்ளி மினுங்கும். மரம் நாற்பது அடி போனபிறகு வருகிற நிறம் என்று நினைத்திருந்தேன். பிறக்கும்போதே கொண்டுவருகிறது.

நடவு ஜூன் மழை பிடித்த பிறகுதான். திறந்த வெளியில் வைத்தால் வெயிலும் புல்லும் சேர்ந்து அமுக்கிவிடும். ஏற்கெனவே கொஞ்சம் நிழல் இருக்கிற, சிதைந்த காட்டுத் துண்டில் வைத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பிழைத்தாலும் மெதுவாகத்தான் வளரும். வெட்டவெளி என்றால் முதலில் வெயில் தாங்குகிற மரங்களை வைத்து நிழல் உண்டாக்கி, அப்புறம்தான் வெடிபலா, நாங்கு எல்லாம்.

இன்னொன்று எல்லாரும் கவனிக்காதது. இந்த மலைகளில் பல இடத்தில் காட்டுக்குள் ஏலக்காய் பயிரிட்டார்கள். பெரிய மரத்தை நிழலுக்கு விட்டுவிட்டு, கீழே இருந்த செடி கொடி கன்று எல்லாவற்றையும் வருஷா வருஷம் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். இன்றைக்கு அங்கே போனால் ஆஹா, எவ்வளவு பெரிய வெடிபலா என்று தோன்றும். குனிந்து பாருங்கள், ஒரு கன்று இருக்காது. பாட்டன் இருக்கிறார், பேரன் இல்லை. அந்தப் பாட்டன் காற்றில் சாய்ந்த அன்று அந்த இடம் அவ்வளவுதான்.

---

அட்டைக்கடி | ஜூலை 15, மாலை 5.00

இது ரொம்ப முக்கியமான விஷயம். செயற்கைக்கோள் படத்தில் அந்த ஏலக்காடும் பச்சைதான், முழுக் காடும் பச்சைதான். உள்ளே நடந்து பார்த்தால்தான் தெரியும்.

வால்பாறை அண்ணே, புதுத்தோட்டம் பக்கம் குரங்குகள் ரோட்டுக்கும் வீட்டுக்கும் வருவது இதனால்தானா?

---

வால்பாறை_நாற்று | ஜூலை 15, இரவு 8.15

முழுக்க இதனால் என்று சொல்ல மாட்டேன். அது தேயிலைக்கு நடுவே தீவு மாதிரி மாட்டிக்கொண்ட காட்டுத் துண்டு. ஒரு கூட்டம் பல கூட்டமாகப் பெருகிவிட்டது, இடம் பெருகவில்லை. மேல்கூரை தொடர்ந்து இருந்தால் சிங்கவால் குரங்கு தரையில் இறங்க விரும்பாது. கூரை அறுந்த இடத்தில் ரோட்டைக் கடக்கத் தரைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது. அதனால்தான் ரோட்டுக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களைக் கோர்த்துச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய் அதில் நடந்துபோனதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கயிறு கயிறுதான். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் மரம் வளர்ந்து கிளை கைகோர்த்தால்தான் சரியான பாலம்.

---

கடையம்_குமரன் | ஜூலை 16, காலை 7.40

விதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வால்பாறை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். நான்கில் மூன்று மினுமினுப்புப் போய்ச் சுருங்கிவிட்டன. கையில் எடுத்தால் கனமே இல்லை, ஆட்டினால் உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது. ஒன்று மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கிறது, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மேலே ஒரு மரத்தடியில் முளைத்திருக்க வேண்டியதை நான் கொண்டுவந்து கிண்ணத்தில் சாகவிட்டிருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

இன்று மதியம் போய்க் கொடுத்துவிடுகிறேன்.

---

நாலுமுக்கு_மகன் | ஜூலை 16, மதியம் 12.50

வருத்தப்படாதே தம்பி. தெரியாமல் செய்தது.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, பெரியவர்கள் சொல்லுங்கள். மாஞ்சோலை, காகாச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் 1929ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து, காட்டைத் திருத்திப் போட்ட தோட்டம். திருத்தியது எங்கள் முன்னோர். 2028ல் குத்தகை முடிய வேண்டியது, 2024லேயே வேலை நின்றுவிட்டது. நாலு தலைமுறை வாழ்ந்த ஊர். அந்த வலி வேறு, அதை இங்கே இறக்கி வைக்க வரவில்லை.

என் கேள்வி அந்த மண்ணைப் பற்றி. இனி அந்தத் தேயிலை சும்மா விட்டால் காடாகிவிடுமா? வெடிபலா தானாக வருமா?

---

அட்டைக்கடி | ஜூலை 16, மாலை 4.30

என் கருத்து, தொடாமல் விட வேண்டும். காட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுற்றிலும் நல்ல காடு இருக்கிறது. பறவையும் மரநாயும் விதை போடும். மனிதன் கை வைத்த இடத்தில்தான் கெட்டுப்போகும்.

---

வால்பாறை_நாற்று | ஜூலை 16, இரவு 8.00

அட்டைக்கடி அண்ணே, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் தேயிலையை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். கவாத்து செய்யாத தேயிலை புதராகாது, மரமாகிவிடும். தலைக்கு மேலே போய் நெருக்கமாக நிற்கும். அடியில் இருட்டு, வேறு எதுவும் எழுந்திருக்க முடியாது. ஓரத்தில் உண்ணிச்செடி ஏறும்.

பறவை போடுகிற விதை எது? சின்ன விதை. பழத்தோடு விழுங்கி எச்சமாகப் போடுவது. வெடிபலா விதையை எந்தக் குருவி விழுங்கும்? அதில் பழச்சதையே இல்லை. தாய் மரத்தடியில் விழும், சரிவில் கொஞ்சம் உருளும், எலியோ அணிலோ சிறிது தூரம் இழுத்துப்போகும். அதிலும் பெரும்பாலும் தின்பதற்குத்தான். ஒரு தலைமுறைக்கு ஒரு மரத்தின் நிழல் அளவுதான் நகரும் மரம் இது. தோட்டத்தின் நடுப்பகுதிக்குத் தானாக வர எத்தனை தலைமுறை ஆகும்? நமக்குத் தேயிலை வைக்க ஒரு வெட்டு போதுமாக இருந்தது.

---

பொதிகைச்சாரல் | ஜூலை 16, இரவு 10.10

இரண்டு பேர் சொல்வதும் ஒரே நிலத்தின் இரண்டு இடத்துக்குப் பொருந்தும். காட்டை ஒட்டிய ஓரமும் ஓடைக்கரையும் விட்டால் போதும், தானே மூடும். ஓடைக்கரையில் பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து கன்று கீழே இறங்கும். நடுவில் இருக்கிற பெரிய தேயிலைச் சரிவுகளுக்குக் கை கொடுத்தே ஆக வேண்டும். தேயிலையை ஒரேயடியாகப் பிடுங்கினால் மண் சரிந்து மணிமுத்தாறு அணையில் போய் விழும். அதை அங்கங்கே திறந்துவிட்டு, இடையில் காட்டு மரம் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். நட்டோம், வருஷம் இத்தனை கன்று என்று கணக்கு எழுதுகிற வேலையாக இது ஆகிவிடக்கூடாது. பூக்கிற வயசுக்கு வர எத்தனை வருஷமாகும்! மெல்ல வளரும் மரம். நடுகிறவர் பூவைப் பார்க்காமல் போகலாம். அதை மனசில் வைத்துக்கொண்டு நட வேண்டும். அந்த மலையில் எந்த ஓடை எங்கே வற்றும், எந்தச் சரிவில் பனி விழும், எங்கே எந்த மரம் நின்றது என்று இடம் தெரிந்தவர்கள் நாலுமுக்குத் தம்பியின் குடும்பம் மாதிரியானவர்கள்தான். இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களும்தான். அந்த வேலையில் இவர்களை விட்டுவிட்டு யாரைச் சேர்ப்பது?

---

அட்டைக்கடி | ஜூலை 17, காலை 6.30

சின்ன விதை, பெரிய விதை என்ற வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. ஓரத்தை விடுவது, நடுவில் நடுவது என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. வெளிநாட்டு மரம் எதையும் நிழலுக்கென்று கொண்டுவந்து வைக்காமல் இருந்தால் சரி.

---

நாலுமுக்கு_மகன் | ஜூலை 17, காலை 9.15

ஐயா, கடைசி வரிக்கு நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஓடைக்கு அந்தப் பக்கம் மூணு நின்னுது, இந்தப் பக்கம் ஒண்ணு. இந்தப் பக்கத்து மரத்த பொட்டி அடிக்க வெட்டிட்டாங்க, நீ பொறக்கறதுக்கு முன்ன" என்றாள். எனக்கு நினைவிருப்பது ஒரே ஒரு மரம்தான். அவள் நான்கையும் வைத்திருக்கிறாள்.

இன்று சாயங்காலம் ஒரு நோட்டில் அவள் சொல்லச் சொல்ல எழுதப்போகிறேன். எந்த லைனுக்குப் பின்னால் என்ன மரம் என்று.

---

கடையம்_குமரன் | ஜூலை 18, இரவு 9.30

விதைகளைக் கொடுத்துவிட்டேன். சாவடியில் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒரு காணிக்கார அண்ணன். திட்டுவார் என்று நினைத்தேன். நான்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றை அப்படியே கீழே போட்டார். ஈரத்துணியில் இருந்த ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாளைக்கு மேலே டியூட்டி, வைத்துவிடுகிறேன் என்றார்.

குளத்தங்கரைக்கு என்ன வைக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். "ஆத்தங்கரையில என்ன நிக்குதோ அத வை" என்றார். நேற்று நீர்மருது எட்டுக் கன்றும் இலுப்பை மூன்றும் வைத்தோம். தாமிரபரணிக் கரையில் நிற்கிற அதே மருது. பிடித்துவிடும் என்று நம்புகிறேன்.

மாசி மாதம் மறுபடி அனுமதி கேட்டிருக்கிறேன். பூ விழுகிற சத்தம் கேட்க வேண்டும்.

---

நாலுமுக்கு_மகன் | ஜூலை 18, இரவு 9.50

போனால் விடிகிற நேரத்தில் போய் நில்லு தம்பி. பஸ் சத்தம் வருவதற்கு முன்னால். கேட்டுவிட்டு இங்கே எழுது, அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.